கொலுவில் இடம் கிடைக்காத பெண்கள்

அக்டோபர் மாதம் வந்தால் அமெரிக்காவில் பல வீடுகளின் அலமாரிகளில் சூனியக்காரிகள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கூம்புத் தொப்பி, வளைந்த மூக்கு, கையில் விளக்குமாறு, தோளில் கறுப்புப் பூனையோ காக்கையோ. சிலர் வருஷத்துக்கு ஒன்று வாங்கிச் சேர்க்கிறார்கள். சிலர் பாட்டி காலத்துக் காகிதக்கூழ் பொம்மையைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி வைக்கிறார்கள். மாதம் முடிந்ததும் மறுபடி பெட்டிக்குள்ளே.

படித்தவுடன் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று தெரியும். எனக்கும் அதேதான். பரண், பெட்டி, பழைய துணியில் சுற்றிய பொம்மை, வருஷத்துக்கு ஒன்று புதுசு. கொலு! காலமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நம்முடைய நவராத்திரிக்கு சாரதா நவராத்திரி என்றே பெயர். சரத் ருதுவில் வருவதால். என்ன, இங்கே அந்தச் சமயத்தில் இலை உதிராது, வடகிழக்குப் பருவமழை எப்போது தொடங்கும் என்று ஏரியையும் வானத்தையும் பார்த்துக்கொண்டிருப்போம். அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படியானால் ஒரு கேள்வி. காஞ்சிபுரம் பொம்மைக்குப் பேர்போன ஊர். அங்கே செய்யாத தெய்வம் இல்லை, செய்யாத கதை இல்லை. ஆனால் நம் கொலுப்படியில் சூனியக்காரி ஏன் இல்லை? "நம்ம கலாச்சாரத்தில் அதெல்லாம் கிடையாதுங்க" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அது உண்மை இல்லை. விளக்குமாறும் காக்கையும் கையிலிருக்கும் பெண், கோரைப்பல்லும் கபாலமும் உள்ள பெண் எல்லாம் இந்தத் தொண்டை மண்டலத்திலேயே இருந்தார்கள். அவர்கள் எங்கே போனார்கள் என்பதுதான் இந்தக் குறிப்பு.

பயம் போன பிறகுதான் பொம்மை

முதலில் அந்த ஊர்க் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். அலமாரியில் சிரிக்கிற அந்தக் கிழவி, ஒரு காலத்தில் சிரிக்கிற விஷயமாக இல்லை.

பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் சூனியக் குற்றம் சாட்டிக் கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 60,000 பேர் வரை இருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்களின் பொதுவான கணிப்பு. பெரும்பாலோர் பெண்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பகுதியின் சேலத்தில் 1692இல் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். பிரிட்டனில் 1735ஆம் வருஷச் சட்டம் வந்த பிறகுதான் சூனியம் செய்ததாகச் சொல்லி ஒருவரைக் கொல்ல முடியாமல் போனது. சுவிட்சர்லாந்தின் கிளாருஸில் அன்னா கோல்டி என்ற வேலைக்காரப் பெண்ணின் தலையை வெட்டியது 1782இல். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் அப்போது இங்கே ஹைதர் அலி உயிரோடு இருந்தார். அவ்வளவு பழைய கதை ஒன்றும் இல்லை.

அந்தப் பயம் வடிந்து ஒரு நூறு வருஷம் ஆன பிறகுதான் சூனியக்காரி கடைக்கு வருகிறாள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹாலோவீன் வாழ்த்து அட்டைகளில் அவளை அச்சடித்தார்கள். மாசசூசெட்ஸைச் சேர்ந்த டென்னிசன் கம்பெனி 1909இல் ஹாலோவீன் அலங்காரத்துக்கென்றே ஒரு கையேடு வெளியிட்டது. ஜெர்மனியிலிருந்து காகிதக்கூழில் செய்த சூனியக்காரி பொம்மைகள் கப்பலேறி அமெரிக்கா போயின. இன்றைக்குப் பழம்பொருள் சேகரிப்பவர்கள் தேடித் தேடி வாங்குவது அந்தப் பொம்மைகளைத்தான்.

சேலம் ஊரே இப்போது அக்டோபர் மாதச் சுற்றுலாவில் செழிக்கிறது. அங்கே போலீஸ் வண்டியில்கூட விளக்குமாற்றில் பறக்கும் சூனியக்காரிதான் சின்னம். தூக்கிலிட்ட ஊரே பொம்மை விற்கிற ஊராகவும் ஆகிவிட்டது. இதில் யோசிக்க வைக்கிற விஷயம் ஒன்று உண்டு. 1692இல் தண்டனை விதிக்கப்பட்டுத் தூக்கிலிருந்து தப்பிய எலிசபெத் ஜான்சன் என்ற பெண்ணின் பெயரிலிருந்த குற்றம் சட்டப்படி நீங்கியது 2022இல்தான். அதுவும் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விடாமல் முயன்றதால். அதாவது பொம்மை வந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு நியாயம் அதற்கப்புறம்தான் வந்தது.

நம் படியில் யார் யார்

இப்போது நம் பக்கம். கொலு என்ற சொல்லுக்கே அரசவையில் வீற்றிருத்தல் என்று பொருள். கொலு வைப்பதென்றால் ஒரு தர்பாரைக் கூட்டுவது. தர்பார் என்றால் யாருக்கு எந்தப் படி, யாருக்கு இடமே கிடையாது என்ற கணக்கு இருக்கத்தானே செய்யும்?

சின்ன காஞ்சிபுரத்தில் அஸ்தகிரி தெருவுக்குப் பொம்மைக்காரத் தெரு என்றுதான் பெயர். வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் பக்கம். களிமண்ணிலும் காகிதக்கூழிலும் அச்செடுத்து, காயவைத்து, வண்ணம் தீட்டி, அங்கிருந்து ஊர் ஊராகப் போகும். ஜெர்மனிக்காரன் சூனியக்காரி செய்த அதே காகிதக்கூழ்தான்! 2019இல் நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை வெளியே வரும் அத்தி வரதர் 48 நாள் தரிசனம் தந்தார். அந்த வருஷ நவராத்திரிக்கே அத்தி வரதர் பொம்மை கடைக்கு வந்துவிட்டது. ஊரில் நடப்பது அவ்வளவு சீக்கிரம் அச்சில் ஏறிவிடும்.

அங்கே வியாபாரத்தில் முக்கியமான சொல் 'செட்'. தசாவதார செட், அஷ்டலட்சுமி செட், கல்யாண செட், கருட சேவை செட். தனிப் பொம்மையைவிட செட்டுக்குத்தான் மதிப்பு. அஷ்டலட்சுமியில் ஒரு லட்சுமி உடைந்துபோனால் மீதி ஏழையும் வைக்க மனசு வராது. இந்த 'செட்' என்ற சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

படியில் பெண்கள் நிறையப் பேர். லட்சுமி, சரஸ்வதி, மீனாட்சி, ஆண்டாள். உக்கிரமான பெண்ணுக்கும் இடம் உண்டு, மகிஷாசுரனைக் குத்துகிற துர்க்கை இல்லாமல் நவராத்திரியே இல்லை. ஆனால் அவள் ஜெயித்தவள். முகத்தில் அழகு குறையாதவள். கிழவிக்கும் இடம் உண்டு. நாவல் மரத்தடியில் அவ்வைப் பாட்டி. அப்புறம் வடை சுட்ட பாட்டி. அந்த செட்டை ஒரு நிமிஷம் உற்றுப் பாருங்கள். கிழவி, அடுப்பு, மேலே மரத்தில் காக்கை. இதே மூன்றையும் ஒரு ஐரோப்பியக் குழந்தையிடம் காட்டினால் சூனியக்காரி என்று சொல்லும். நமக்கு அவள் பாவம், வடையைப் பறிகொடுத்த பாட்டி.

அறுபத்துமூவர் வரிசையிலும் ஒருத்தி இருக்கிறாள். காரைக்கால் அம்மையார். எலும்பும் தோலுமாக, வற்றிய மார்போடு, பேய் உருவம் கேட்டு வாங்கியவர். நின்றுகொண்டிருக்கும் நாயன்மார் நடுவில் அவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் கான்சஸ் சிட்டியிலும் அவருடைய சோழர் கால வெண்கலச் சிலைகள் உண்டு. பெயர்ப்பலகையைப் படிக்காமல் பார்ப்பவர் பேய் என்றே நினைப்பார். ஆக, பேய் உருவமும் நமக்கு ஆகாதது இல்லை, அதற்குப் பக்தி என்ற அனுமதிச்சீட்டு வேண்டும். அந்தச் சீட்டு இல்லாதவர்கள் கதைதான் இனி.

தவ்வை: விளக்குமாறு வைத்திருந்த மகாராணி

லட்சுமிக்கு ஓர் அக்கா உண்டு. பாற்கடல் கடைந்தபோது தங்கைக்கு முன்னால் வந்தவள். வடமொழியில் ஜேஷ்டை, தமிழில் தவ்வை, மூத்த தேவி, சேட்டை. அந்த மூத்த தேவிதான் தேய்ந்து 'மூதேவி' ஆனது. காலையில் எழுந்திருக்காத பிள்ளையைத் திட்ட இன்றைக்கும் வீட்டில் புழங்குகிற சொல்.

அவள் சிலையைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது வயிறு. பருத்த வயிறு, சரிந்த மார்பு, இரண்டு காலையும் தொங்கவிட்டு அகலமாக உட்கார்ந்திருப்பாள். ஒருபக்கம் மாட்டு முகம் உள்ள மகன், மறுபக்கம் ஓர் இளம்பெண். பக்கத்தில் காக்கைக் கொடி. விளக்குமாறு அவள் ஆயுதம். கழுதை அவள் வாகனம். காக்கை, விளக்குமாறு, வயதான பெண். மேற்கத்திய சூனியக்காரியின் சாமான்கள் பாதிக்கு மேல் இவளிடம் இருக்கின்றன. யாரும் யாரிடமிருந்தும் கடன் வாங்கவில்லை. வீட்டுக்கு ஆகாத பெண் என்று நினைத்தவுடன் மனுஷ மனசுக்குக் கையில் கிடைக்கிற பொருள்கள் இவைதான் போல.

ஆனால் இவளைக் கும்பிட்டார்கள் என்பதுதான் முக்கியம். பல்லவ மன்னன் ராஜசிம்மன் எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எழுப்பிய காஞ்சி கைலாசநாதர் கோயிலிலேயே இவள் சிற்பம் இருக்கிறது. சிவன் கோயில் பிராகாரத்தில் பரிவார தேவதைகளில் ஒருத்தியாக இவளுக்கு இடம் இருந்தது. பாண்டிய நாட்டில் திருப்பரங்குன்றத்தில் 773இல் துர்க்கைக்கும் சேட்டைக்கும் சந்நிதி எடுப்பித்தவள் ஒரு பெண். பாண்டியனின் அதிகாரி சாத்தன் கணபதியின் மனைவி நக்கன் கொற்றி. கல்வெட்டில் அவள் பெயர் இருக்கிறது. செல்வாக்குள்ள வீட்டுப் பெண் ஒருத்தி, 'மூதேவி'க்குக் கோயில் கட்டியிருக்கிறாள்!

எதிர்ப்பும் அப்போதே இருந்தது. திருக்குறளில் பொறாமைப்படுகிறவனிடம் திருமகள் தன் தவ்வையைக் காட்டிவிட்டு விலகிப்போகிறாள். சேட்டையிடம் போய்ச் செல்வம் கேட்கிறீர்களே என்று தொண்டரடிப்பொடி ஆழ்வார் திருமாலையில் கேலி செய்கிறார். கேலி செய்கிற அளவுக்குக் கும்பிடுகிற கூட்டம் இருந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

சோழர் காலம் நடுப்பகுதிக்கு வரும்போது இவளுக்குப் புதுச் சிலைகள் குறைந்துவிட்டன. பல இடங்களில் இருந்த சிலைகளும் கோயிலை விட்டு வெளியே போயின. தொண்டை மண்டலத்தில் ஏரிக்கரையிலும் வயல் ஓரத்திலும் முட்புதரிலும் முகம் தேய்ந்து கிடக்கிற பருத்த வயிற்றுப் பெண்சிலை பெரும்பாலும் தவ்வைதான். பெயர் மறந்துபோய், வேறு ஏதோ அம்மன் என்று சேலை கட்டி, எண்ணெய் விட்டுக் கும்பிடுகிற இடங்களும் உண்டு. அப்படித் தப்பித்தவள் பாக்கியசாலி.

வீட்டுக்குள் அவள் வேறு மாதிரி மிச்சமிருக்கிறாள். விளக்கு வைத்த பிறகு பெருக்கக் கூடாது. விளக்குமாறு கண்ணில் படுகிற மாதிரி வைக்கக் கூடாது. பண்டிகைக்கு முன் ஒட்டடை அடித்து, மூதேவியை விரட்டி, ஸ்ரீதேவியை அழைக்க வேண்டும். அமெரிக்க வீட்டில் அக்டோபரில் அவளை வாசலில் நிறுத்துகிறார்கள். நம் வீட்டில் அதே மாதத்தில் அவளை வாசலைத் தாண்டி வெளியே தள்ளுகிறோம். காரணம் ஒன்றுதான். அவர்களுக்குப் பயம் போய்விட்டது. நமக்குப் போகவில்லை. நாம் பயப்படுகிறவளைப் பொம்மையாக்கி அலமாரியில் வைக்க மாட்டோம்.

யோகினிகள்: உடைந்துபோன செட்

தவ்வை வயலுக்குப் போனாள் என்றால், இன்னொரு கூட்டம் கடலைத் தாண்டிப் போனது. அது நடந்தது எங்கள் பக்கத்தில்தான்.

யோகினி என்றால் இங்கே யோகா செய்கிறவள் இல்லை. வானில் பறக்கிற, கூட்டமாகவே வருகிற, கள்ளும் ரத்தமும் ஏற்கிற, வரமும் தருகிற, கொல்லவும் செய்கிற தாந்திரிக தேவதைகள். இவர்களின் உறவுக்காரி டாகினி. சிலப்பதிகாரத்தில் செத்த குழந்தையின் உடலை வாங்கித் தின்கிற 'இடாகினிப் பேய்' வருகிறது, படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஆங்கிலேயர் காலத்து எழுத்துகளில் இவர்களைச் சூனியக்காரி என்ற பொருளிலேயே மொழிபெயர்த்தார்கள்.

யோகினிக்குத் தனியாகக் கோயில் கிடையாது. எப்போதும் செட்தான். 42, 64, 81 என்று கணக்கு. ஒடிசாவில் ஹீராபூரிலும் மத்தியப் பிரதேசத்தில் பேடாகாட்டிலும் அந்தக் கோயில்கள் இன்றும் நிற்கின்றன. வட்டமான சுவர், கூரை இல்லை, சுவரின் உட்பக்கம் மாடங்களில் சுற்றிலும் யோகினிகள். ஹீராபூர்க் கோயில் சுமார் 25 அடி குறுக்களவுதான். நடுவில் நின்று சுற்றிப் பார்த்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருத்தி உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த உணர்வுதான் அந்தக் கோயிலின் மூலவர் என்று சொல்லலாம்.

அப்படி ஒரு கோயில் பத்தாம் நூற்றாண்டில் காஞ்சி வட்டாரத்திலும் இருந்திருக்கிறது. கோயில் இன்று இல்லை. சிலைகள் மட்டும் இருக்கின்றன, ஆனால் இங்கே இல்லை. லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகம், பாரிஸில் கீமே, வாஷிங்டனில் ஸ்மித்சோனியனின் ஆசியக் கலைக்கூடம், டெட்ராய்ட், மினியாபோலிஸ், கனடாவில் டொராண்டோ. சென்னை எழும்பூரிலும் சில. வாஷிங்டனில் இருக்கும் யோகினி 116 சென்டிமீட்டர் உயரம், உட்கார்ந்த நிலையில். இந்தச் சிலைகளைப் பார்த்தால் முதலில் அழகாகத்தான் தெரியும். இளமையான உடம்பு, அமைதியான முகம். அப்புறம்தான் தலையைச் சுற்றி ஒளிவட்டம் போல் விரிந்து நிற்கிற முடி, காதில் பாம்பு, கையில் கபாலம், உதட்டோரம் எட்டிப்பார்க்கிற கோரைப்பல் எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். அழகியா, சூனியக்காரியா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி செதுக்கியிருக்கிறான் சிற்பி.

இவர்களை அனுப்பிவைத்தவர் பாண்டிச்சேரியில் பேராசிரியராக இருந்த காப்ரியேல் ழூவோ துப்ரேய். 1885இல் பிறந்தவர், 1945இல் காலமானார். பல்லவர் வரலாறு படிக்கிறவர்கள் இவரைத் தாண்டிப் போக முடியாது. கைலாசநாதர் கோயில் மாடங்களில் சுண்ணாம்புக்குக் கீழே பல்லவர் கால ஓவியம் இருப்பதை 1931இல் கண்டுபிடித்தவர் இவர்தான். அதே மனிதர்தான் 1926 வாக்கில் காஞ்சி வட்டாரத்தில் இந்தச் சிலைகளைச் சேகரித்து, பாரிஸில் இருந்த சி.டி. லூ என்ற சீன வியாபாரிக்கு விற்றார். லூ அதே 1926இல்தான் பாரிஸ் நகரத்தின் நடுவில் சிவப்பு பகோடா ஒன்றைக் கட்டிக் கடை திறந்தார். ஆசியக் கலைப்பொருளுக்கு அந்தக் காலத்தில் அவரைவிடப் பெரிய வியாபாரி கிடையாது. அவரிடமிருந்து ஒவ்வொன்றாக அருங்காட்சியகங்களுக்கும் சேகரிப்பாளர்களுக்கும் போயின. அமெரிக்கா, கனடா அருங்காட்சியகங்கள் சில 1950களின் நடுவிலிருந்து 1960க்குள் தங்கள் யோகினியை வாங்கின.

ஆளுக்கு ஒன்று. இதுதான் விஷயம். செட்டாக யாரும் வாங்கவில்லை.

இந்தச் சிதறலை ஒரு முழுப் புத்தகமாக எழுதியவர் பத்மா கைமல். 2012இல் வெளிவந்தது. ஒரே கோயிலைச் சேர்ந்ததாக அவர் அடையாளம் காணும் 19 சிலைகள் இன்று மூன்று கண்டங்களில் பன்னிரண்டு அருங்காட்சியகங்கள் அளவுக்குப் பரவிக் கிடக்கின்றன. சேகரித்தவர்கள் இல்லையென்றால் இவை அழிந்திருக்கலாம் என்பதையும், சேகரித்ததால்தான் இவை ஒன்றையொன்று இழந்தன என்பதையும் சேர்த்தே யோசிக்க வைக்கிற புத்தகம். ழூவோ துப்ரேயைத் திருடன் என்றும் சொல்ல முடியாது, காப்பாற்றியவர் என்று மாலை போடவும் முடியாது. பழம்பொருள் ஏற்றுமதியைத் தடுக்கும் சட்டம் 1947இல்தான் வந்தது. அதற்கு இருபது வருஷம் முன்னாலேயே இவர்கள் கப்பல் ஏறிவிட்டார்கள்.

சில பெயர்ப்பலகைகளில் சிலை கிடைத்த இடம் 'காஞ்சிபுரம் அல்லது காவேரிப்பாக்கம்' என்று இருக்கும். இந்த 'அல்லது' என்ற சொல்லைப் படிக்கும்போது எனக்கு ஒரு மாதிரி இருக்கும். காஞ்சியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் தாமல், அப்புறம் ஓச்சேரி, அப்புறம் காவேரிப்பாக்கம். அந்த 'அல்லது'வுக்கு நடுவில்தான் எங்கள் தாமல் இருக்கிறது. பழைய தாமர்க்கோட்டத்துக்குப் பெயர் கொடுத்த ஊர். வராகீஸ்வரர் கோயிலும் பெரிய ஏரியும் தறிச் சத்தமுமாக இருக்கிற ஊர். இந்தச் சாலை வழியாக ஆயிரம் வருஷமாக ஜனங்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். இதன் இரண்டு பக்கத்திலும் எங்கோ, வானத்தைப் பார்த்துத் திறந்த ஒரு கோயிலில் யோகினிகள் சுற்றி உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். இன்றைக்கு அதைப் பற்றி ஊரில் ஒரு கதைகூடக் கிடையாது. சிலை போனதைவிட எனக்கு இதுதான் பெரிய நஷ்டமாகத் தெரிகிறது.

தோட்டத்தில் ஒரு யோகினி

அருங்காட்சியகமாவது பரவாயில்லை. வீட்டு அலங்காரமாகவே ஆன யோகினியும் உண்டு. உத்தரப் பிரதேசம் பாந்தா மாவட்டத்தில் லோகாரி என்ற கிராமம். மிருக முகம் கொண்ட யோகினிகள் ஒரு செட் அங்கே திறந்தவெளியில் இருந்தது. 1980 வாக்கில் அவை திருடுபோகத் தொடங்கின. எருமைத் தலை யோகினி ஒன்று பாரிஸில் ஒரு சேகரிப்பாளர் வீட்டுக்குப் போய், அவர் காலத்துக்குப் பிறகு அவர் மனைவி இந்தியத் தூதரகத்தில் ஒப்படைக்க, 2013இல் டில்லி வந்து சேர்ந்தது. ஆட்டுத் தலை யோகினியோ இங்கிலாந்தில் ஒரு மூதாட்டியின் வீட்டுத் தோட்டத்தில் இருந்தது. வீட்டோடு சேர்ந்து வந்த தோட்டத்துச் சிலை, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். வீட்டை விற்கிற சமயத்தில் விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. 2022 ஜனவரியில், சங்கராந்தி நாளில், லண்டன் இந்தியத் தூதரகத்தில் அதை ஒப்படைத்தார்கள்.

அந்த மூதாட்டியைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அவர் திருடவில்லை, பயப்படவும் இல்லை, அழகான பொருள் என்று வைத்திருந்தார். ஆனால் லோகாரியில் அவள் இருபது பேரில் ஒருத்தி. தோட்டத்தில் அவள் தனி ஆள். செட்டை உடைத்தவுடன் யோகினி சேகரிப்புப் பொருள் ஆகிவிடுகிறாள். அறுபத்துநாலு பேர் சுற்றி நின்று பார்த்தால் நமக்கு உடம்பு சிலிர்க்கும். ஒருத்தி மட்டும் ரோஜாச் செடிப் பக்கத்தில் நின்றால் அது அலங்காரம்.

லோகாரி யோகினிக்குத் திரும்பி வர ஒரு நாடாவது இருந்தது, திருட்டு வழக்கும் இருந்தது. காஞ்சி யோகினிகள் திரும்பி வருவதாகவே வைத்துக்கொள்வோம். எங்கே வைப்பது? கோயில் இல்லை, ஊர் எது என்று தெரியவில்லை, கதையும் இல்லை. எழும்பூரில் ஓர் அறையில் அத்தனை பேரையும் வட்டமாக வைத்தால் பார்க்க நான் முதல் ஆளாகப் போவேன். அது எப்போது நடக்குமோ.

சரி, இதனால் என்ன?

பயம் போனால்தான் பொம்மை வரும் என்று மேலே சொன்னேன். நம் நாட்டில் பயம் போகவில்லை என்பதற்குத் தவ்வையைவிடக் கொடுமையான சாட்சி இருக்கிறது. சூனியக்காரி என்று பெயர் சூட்டிப் பெண்களை அடிப்பதையும் கொல்வதையும் தடுக்க பீகார் 1999இலும் ஜார்க்கண்ட் 2001இலும் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. ஜார்க்கண்டைச் சேர்ந்த சுட்னி மஹதோவை 1995இல் அவர் ஊரே சூனியக்காரி என்று சொல்லி அடித்து விரட்டியது. அவர் பிழைத்து, அதே மாதிரி விரட்டப்பட்ட பெண்களைக் காப்பாற்றுகிற வேலையைச் செய்தார். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்த ஊர்களில் கூம்புத் தொப்பி பொம்மையை யாரும் வேடிக்கையாக வைக்க முடியுமா? தமிழ்நாட்டிலும் செய்வினை, பில்லி, சூனியம் என்று சந்தேகப்பட்டு அக்கம்பக்கத்துக் கிழவியோடு பேச்சை நிறுத்துகிற வீடுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது நம் நகரங்களிலும் அக்டோபரில் பிளாஸ்டிக் சூனியக்காரி வந்துவிட்டாள். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பிள்ளைகள் தொப்பி போட்டுக்கொண்டு சாக்லேட் கேட்டு வருகிறார்கள். ஒரே வீட்டில் கொலுவும் ஹாலோவீனும் பதினைந்து இருபது நாள் இடைவெளியில் நடக்கின்றன. இதைக் கலாச்சாரச் சீரழிவு என்று கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. விளக்குமாறு வைத்த பெண்ணைப் பார்த்துக் குழந்தை சிரித்தால் நல்லதுதான். அந்தக் குழந்தை பெரியவளானதும் எந்தக் கிழவியையும் பார்த்துப் பயப்படாமல் இருந்தால் இன்னும் நல்லது.

ஆனால் சேலத்துக் கதை சொல்கிற எச்சரிக்கை ஒன்று உண்டு. பயம் போய்ப் பொம்மை வருகிறபோது ஞாபகமும் சேர்ந்து போய்விடும். பொம்மை சிரித்துக்கொண்டே இருக்கும், எலிசபெத் ஜான்சன் குற்றவாளியாகவே இருப்பாள். அதனால் எனக்கு ஓர் ஆசை. இறக்குமதி சூனியக்காரிக்குப் பதில், பொம்மைக்காரத் தெருவில் யாராவது ஒரு தவ்வை செட் செய்யக் கூடாதா? பருத்த வயிறு, மாட்டுமுகப் பிள்ளை, காக்கைக் கொடி, கழுதை, விளக்குமாறு. களிமண்ணில் செய்தால் அருமையாக வரும். கூடவே சந்நிதி எடுப்பித்த நக்கன் கொற்றியும் நிற்கட்டும். கைலாசநாதர் கோயிலில் மாதிரி இருக்கிறது, சும்மா போய்ப் பார்த்துவிட்டு வரலாம். லட்சுமிக்குப் பக்கத்தில் அவள் அக்காவை வைத்தால் லட்சுமி ஓடிவிடுவாள் என்று சொல்வார்கள். கைலாசநாதர் கோயிலில் ஆயிரத்து முந்நூறு வருஷமாக ஒரே வளாகத்தில் துர்க்கை, லட்சுமி, இவள் எல்லோரும் இருக்கிறார்கள். யாரும் ஓடிப்போகவில்லை.

இதெல்லாம் ரொம்ப அதிகம் என்று தோன்றினால், நவராத்திரி ஒன்பதாம் நாளைப் பாருங்கள். நெசவாளர் வீட்டில் தறிக்கும் நாடாவுக்கும் பொட்டு வைப்பார்கள். மற்ற வீடுகளில் அரிவாள்மனை, அம்மி, முறம், சைக்கிள் என்று எல்லாவற்றுக்கும். பல வீடுகளில் கடைசியாக, கொஞ்சம் யோசித்து, கதவுக்குப் பின்னால் இருக்கிற விளக்குமாற்றுக்கும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைப்பார்கள். வருஷம் பூரா மறைத்து வைத்த பொருளுக்கு அன்றைக்கு ஒருநாள் மரியாதை. யாருடைய ஆயுதத்துக்கு என்று கேட்டால் வைக்கிறவருக்குத் தெரியாது. இந்த வருஷம் வைக்கும்போது நீங்களாவது சொல்லிக் கொடுங்கள்.